வஹாலிக்காக வெட்டிய வலை

தாம்லேஜ்
சைத்ர மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

அன்பு மகள் ஜசுவுக்கு,

ஜெய் சோம்நாத். உன் அப்பா வேல்ஜி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை பானு மூவரும் நலம். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல். போன வாரம் வனத்துறை விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். செய்தித்தாளில் படமும் வந்தது. விழாவுக்காக வேராவலில் வாங்கிய புதுச் சட்டை. கடையில் ஒரு அளவுப் பட்டை ஒட்டியிருப்பார்களே, கழுத்திலிருந்து தொப்பை வரை 42, 42, 42 என்று இறங்கும், அதைப் பிய்க்க மறந்துவிட்டேன். படத்தில் என் முகம் கலங்கலாக இருக்கிறது. அந்த எண் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பத்து வருடமாகப் படகை நடத்துகிறவனை இப்போது கரையில் யாரும் தண்டேல் என்று கூப்பிடுவதில்லை. "என்ன நாப்பத்திரண்டு, இன்னிக்குக் கடலுக்குப் போகலயா?" என்கிறார்கள். பானுவும் சேர்ந்துகொண்டாள்.

இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் வீட்டுப் போன் உன் மாமியார் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஏழாவதோடு நின்ற கையெழுத்து, பொறுத்துக்கொள். என் படகில் வேலை பார்க்கும் ஜேராம் தன் அக்காவைப் பார்க்க உங்கள் ஓகாவுக்கு வருகிறான். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஏழாம் மாதச் சடங்கு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைத்துவரத்தான் வந்தோம். கூடம் நிறையப் பெண்கள் இருக்கும்போது நீ அம்மாவிடம் சொன்னாய்: "நான் வரலம்மா. அப்பாவுக்கு ஓகா பஸ் நேரமெல்லாம் மனப்பாடம். மறுபடியும் எதுக்கு அவருக்குச் சிரமம்?" அப்பா மேல் என்ன அக்கறை என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் லாப்சி இனிப்பு இருந்தது, அது வசதியாகப் போயிற்று. திரும்பி வரும்போது எட்டு மணி நேரம் உன் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். துவாரகாவில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அதை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து நடந்ததுதான் இந்த மீன் விவகாரம்.

உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது திமிங்கலச் சுறாவுக்கு இங்கே பேரல் என்றுதான் பெயர். கொக்கியோடு கட்டி மிதக்கவிடும் பீப்பாயின் பெயரையே மீனுக்கும் வைத்திருந்தோம். நானும் அடித்திருக்கிறேன். ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூசிவிட்டு வீட்டுக்கு வந்தால் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். பிறகு சட்டம் வந்தது. அடித்தால் ஏழு வருடம் வரை உள்ளே. அதற்கும் பிறகு ராமகதை சொல்லும் பாபு ஒருவர் வந்து, அது பிரசவத்துக்குப் பிறந்த வீடு தேடி வரும் மகள், மகளை யாராவது வெட்டுவார்களா என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் வஹாலி, செல்லமகள். முரட்டு ஆட்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

லகம் காகா மட்டும் இன்றுவரை மசியவில்லை. "அப்ப என்னைப் பாத்து வேட்டைக்காரன்னு எழுந்து நின்னாங்க. இப்பக் குத்தவாளிங்கறான். மீனும் மாறல, நானும் மாறல. பெரிய டிராலர்காரன் அடியோட வாரிட்டுப் போறான், அவனைக் கேக்க ஆள் இல்ல. பாசம் சர்க்காருக்கு, கிழியுறது நம்ம வலையா?" என்பார். வனத்துறைக்காரர், வலையை வெட்டி மீனை விட்டதற்குப் படம் காட்டினால் ஈடு உண்டு என்று விளக்குவார். "ஈடு வர்றதுக்குள்ள எனக்கே படம் மாட்டிடுவாங்க" என்பார் காகா. அவர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அன்று விடிந்து வலை இழுக்கும்போது கனத்தது. வந்தது வஹாலி. நம் படகைவிட ஒரு முழம் நீளம். முதுகு முழுக்க வெள்ளைப் பொட்டு, பந்தணிச் சேலை கட்டியது போல. வாலோடு வலை சுற்றிக்கொண்டிருந்தது. வலை படகு முதலாளி சேட்டுடையது, புதுசு. நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்ச நேரம் விட்டுப் பாப்போம், அதுவே நழுவிப் போயிரும்" என்றேன். அரை மணி நேரம் போயிற்று. ஜேராம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன தண்டேல், வெட்டுறதுக்கு முகூர்த்தம் பாக்குறீங்களா? அதுக்கு மூச்சு வாங்குது." சேட் என்ன சொல்வாரோ என்று இழுத்தேன். "சேட் திட்டத்தான் செய்வாரு. செத்துச்சுன்னா ஜெயில்ல களி திங்கப்போறது நீங்கதான்" என்றான். உடனே வெட்டினேன். படம் எடுத்தவனும் அவன்தான். முதல் இரண்டு படத்தில் அவனுடைய கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

விட்ட பிறகும் அது உடனே போகவில்லை. படகை ஒட்டியே கொஞ்ச நேரம் கிடந்தது. போ, போ என்று நான் தண்ணீரைத் தட்டினேன். தட்டும்போதுதான், ஜசு, அந்த வார்த்தையை இதற்கு முன்னால் யாரிடம் சொன்னேன் என்று ஞாபகம் வந்தது.

இரண்டு வருடம் முன்பு, மழைக்குக் கடல் மூடியிருந்த நாள். நான் வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு துணிப்பையோடு தனியாக வந்து நின்றாய். உன் காதில் தோடு இல்லை. நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தெருவில் கேட்டவர்களிடம், "தங்கச்சியப் பாக்கணும்னு வந்திருக்கா" என்று நீ வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பானுவுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா வாழாமல் வந்துவிட்டாள் என்று பேச்சு வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்த வரன் பிறகு தானாகவே நின்றுபோனது, அது வேறு கதை. மறுநாள் காலை முதல் பேருந்தில் உன்னை ஏற்றினேன். ஜன்னல் வழியாகக் வழியில் கொறிக்கக் காட்டியாப் பொட்டலத்தைக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துப் போம்மா. போ" என்றேன். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவே இல்லை. இந்த நாள்வரை கேட்கவில்லை.

மீனைக் கொன்றால் ஏழு வருடம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வந்த மகளைத் திருப்பி அனுப்பினால் ஏழு நாள் என்று எழுதியிருந்தால்கூடப் போதும், நான் அன்றைக்குப் பயந்துபோய் உன்னை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன். உன் அப்பா அப்படிப்பட்ட வீரன்.

வெள்ளிக்கிழமை ஓகா வருகிறேன். இந்த முறை கூடத்தில் உட்கார்ந்து இனிப்புச் சாப்பிட மாட்டேன். உன் மாமியாரிடம் நானே கேட்பேன். அவர் முகம் கோணினால் கோணட்டும். வேராவலில் உனக்கு டாக்டரம்மாவைப் பார்த்து வைத்தாயிற்று. அம்மா சுக்கு இடித்து, பிரசவ லட்டுக்குக் கோந்து வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நீ வரமாட்டேன் என்று சொன்ன பிறகு வாங்கியது அது. பானு தன் கட்டிலை உனக்கு ஒழித்து வைத்திருக்கிறாள். பிரசவம் முடிந்து நாற்பது நாளா, நான்கு மாதமா, நாற்பது வருடமா, அதை நீதான் சொல்ல வேண்டும். தெருவில் யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். வரவில்லை என்று சொன்னாலும் அது உன் நியாயம். நான் முகம் சுளிக்க மாட்டேன். மறுவாரம் மறுபடி வருவேன், அவ்வளவுதான்.

சுமை தூக்காதே. வேளைக்குச் சாப்பிடு. சோம்நாதரும் கடல் தாயும் உன்னையும் குழந்தையையும் காக்கட்டும்.

உன் அப்பா
வேல்ஜி

கையெழுத்துப் போட்ட பிறகும் தாளில் இடம் இருக்கிறது. விழாவில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சால்வை போர்த்திய அதிகாரி ஒலிவாங்கியை என் கையில் கொடுத்து, "வேல்ஜிபாய், வலையை வெட்டுறப்ப மனசுல என்ன நினைச்சீங்க?" என்று கேட்டார். ஜெயிலை நினைத்தேன் என்று சொல்ல முடியுமா? "பொண்ணு பொறந்த வீட்டுக்கு வந்தா எந்த அப்பன் சார் திருப்பி அனுப்புவான்?" என்றேன். கூட்டம் கை தட்டியது. லகம் காகாகூடத் தட்டினார். பெண்கள் வரிசையில் உன் அம்மா மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள். ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. நான் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடமே இருந்தது. அதைச் சொல்லாமல் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

நான் அனுப்பினேன் சார். என் மகள் வந்தாள், நான் திருப்பி அனுப்பினேன்.