முப்பத்தொன்றாம் கேள்வி

ஜூலை 9

வாசிப்புக் கணக்கெடுப்பில் இன்று ஆறு வீடுகள். முப்பது கேள்விகள் வரை தட்டுத்தடுமாறியாவது வந்துவிடுகிறேன். வீட்டில் எத்தனை புத்தகங்கள், பைபிளைத் தவிர என்ன படிப்பீர்கள், கடைசியாகப் படித்தது எது. முப்பத்தொன்றில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது: நீங்கள் எந்தக் கட்சி?

முன்பின் தெரியாதவர்களிடம் இதை எப்படிக் கேட்பது? அப்பா இதை அம்மாவிடம்கூடக் கேட்டதில்லை.

சாயங்காலம் மாமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மட்டும் நானே நிரப்பினேன். சுவரில் தலைவர் படம் போட்ட நாட்காட்டி, புத்தகம் ஒன்றுமில்லை என்றால் ஆளுங்கட்சி. புத்தகங்கள் இருந்தால் எதிர்க்கட்சி. பார்த்தாலே தெரிகிறதே.

ஜூலை 11

சந்தை முனையில் வாசலிலேயே மந்தாசி மாவுருண்டை பொரித்து விற்கும் நியாமுந்தாலியின் வீடு. கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து இறந்தவர். அவர் விட்டுப்போன பதினேழு புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில். நிலச் சட்டம், வரலாறு, கூட்டுறவு. எண்ணெய் காயும் நேரத்தில் எடுத்துப் படிப்பாராம். பக்க ஓரமெல்லாம் எண்ணெய் விரல்தடம்.

சட்டப் புத்தகத்தில் பென்சிலால் கோடிட்ட ஒரு சொல்லைக் காட்டினார். "படிச்ச பொண்ணு நீ. இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.

"பட்டம் வாங்குனியா, இல்ல யாரோடதையாவது தூக்கிட்டு வந்துட்டியா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாளில் எந்த வீட்டிலும் நான் சிரித்ததில்லை. இரண்டு மந்தாசி கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

இவ்வளவு படிக்கிறவர் எப்படி அவர்கள் பக்கம் இருப்பார்? எதிர்க்கட்சி. இதற்கு யோசிக்கவே இல்லை.

ஜூலை 12

அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தேன். உரிய காலத்துக்குள் எழுப்ப வேண்டிய ஆட்சேபம். அடுத்த முறை போகும்போது சொல்ல வேண்டும்.

ஜூலை 30

அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் மேலாளர் குமுவென்டா சார் என் தாள்களைத் தூக்கிக் காட்டினார். மற்றவர்களுக்குப் பாதிப் பேர் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார்களாம். எனக்கு மட்டும் நாற்பதுக்கு நாற்பது.

"வாயே தொறக்காத பொண்ணு, எப்படிம்மா கறந்த?"

தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 21

நிரந்தர வேலை! அம்மாவுக்குத் தந்தியைப் போல மூன்று சொற்களில் செய்தி அனுப்பினேன். தம்பிதான் படித்துக் காட்ட வேண்டும். அம்மா முற்றத்தில் ஆடினாளாம்.

ஆகஸ்ட் 27

எங்கள் கணக்கெடுப்பு வானொலியில் வந்தது. 'வீட்டில் பத்துப் புத்தகங்களுக்கு மேல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எதிர்க்கட்சியைச் சார்ந்தவர்கள்.' நான் மாமரத்தடியில் நினைத்தது, இரண்டு மாதம் கூட ஆகவில்லை, ஆய்வு முடிவாகத் திரும்பி வந்து எனக்கே பாடம் சொல்கிறது.

செப்டம்பர் 3

வட்டார ஆளுங்கட்சிச் செயலாளர் அலுவலகத்துக்கு வந்தார். "முடிவைச் சும்மா ஒரு பார்வை பாக்குறேன்" என்றார். வீட்டு எண் பட்டியலையும் தாள்களையும் கொண்டுவரச் சொன்னார் சார். கொண்டுபோய் வைத்தேன். தேநீரும் நான்தான் போட்டேன். மூன்று கரண்டி சர்க்கரை கேட்டார்.

நவம்பர் 6

அரசின் மலிவு உரக் கூப்பன் பட்டியலை, கட்சிச் செயலாளர் கையெழுத்தோடு, ஒட்டிவிட்டார்கள். ஊரில் அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது.

நவம்பர் 8

சந்தை முனையில் நியாமுந்தாலியைப் பார்த்தேன். கூப்பன் இல்லை. என் பட்டியலின் பதினொரு வீடுகளுக்கு இல்லை. எந்தப் பதினொன்று என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பெட்டியைத் திறந்து புத்தகங்களுக்கு அடியிலிருந்து ஒரு துணியை உதறினார். ஆளுங்கட்சிச் சித்தெஞ்சே, கூட்டத்துக்குப் பெண்கள் இடுப்பில் கட்டிப் போவது. அதில் அச்சடித்த தலைவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஒன்பது வருஷம் அவனுங்க கூட்டத்துல வெயில்ல ஆடியிருக்கேன். கால்ல கொப்புளம் வந்திருக்கு. என்னைப் போயி எதிர்க்கட்சின்னு எவ எழுதி வச்சா? கண்டுபிடிச்சேன்னா கொதிக்கிற எண்ணெயை அவ வாயில ஊத்துவேன்."

என் முகம் போன போக்கைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைச் சொல்லல மகளே. நீதான் அந்தக் கேள்வியவே கேக்கலையே."

நவம்பர் 9

சாரிடம் சொல்லிவிட்டேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் கேட்கவில்லை சார், நானே போட்டேன்.

கதவைச் சாத்தினார். கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

"திவோங்கே, இப்ப இது வெளிய வந்தா மாவட்டக் கணக்கெடுப்பு பூரா பொய்னு ஆயிடும். ஆபீசையே மூடுவாங்க. பதினாலு குடும்பம் இதுல சாப்பிடுது. உங்க தம்பி எந்த வகுப்பு?"

"மூணாம் ஃபாரம். என் சம்பளத்துலதான் படிக்கிறான்."

"நல்லாப் படிக்கட்டும்."

அவ்வளவுதான். செயலாளரிடம் நானே போய்ச் சொல்லலாம். நியாமுந்தாலியிடம் சொல்லலாம். சொல்லலாம் சொல்லலாம்னு எழுதுறேனே, போனேனா? எழுந்து போடி. எழுந்திரு.

நவம்பர் 10

போகவில்லை.

ஜனவரி 24

பேருந்து ஜன்னலிலிருந்து நியாமுந்தாலியின் சோளம் தெரிந்தது. மற்ற வயல்களில் ஆள் உயரம், கரும்பச்சை. அவருடையது முழங்காலளவு, மஞ்சள். மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

மே 2

அப்பாவின் வயலில் நல்ல விளைச்சலாம். உரம் போட்ட சோளத்தில் அம்மா மாவு அரைத்து அனுப்பியிருக்கிறாள். நசீமாக் களி கிளறினேன். தின்றேன். என்ன செய்ய, பசித்தது.

ஜூலை 14

இரண்டாம் சுற்று. அதே நாற்பது வீடுகள். இந்த முறை முப்பத்தொன்றையும் என் வாயால் கேட்கிறேன். ஒன்றும் கஷ்டமில்லை. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது.

புத்தகங்கள்: இல்லை. இல்லை. பைபிள் மட்டும். இல்லை. போன வருடம் தாளில் முப்பது என்று எழுதிய வீட்டில், அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

கடைசியாக நியாமுந்தாலி. இளைத்துவிட்டார். கட்சித் துணியை இடுப்பில் கட்டியிருந்தார். டிரங்குப் பெட்டிக்குள் மந்தாசி அடுக்கியிருந்தது.

"வீட்டில் எத்தனை புத்தகங்கள்?"

"ஒண்ணுமில்ல."

"என்ன படிப்பீர்கள்?"

"எனக்கு எழுத்தே தெரியாதும்மா, எழுதிக்கோ."

"எந்தக் கட்சி?"

பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். நான் கட்டத்தில் குறி போட்டேன். சரியாக விழுந்ததா என்று தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார்.

மகளே என்று கூப்பிடவில்லை. இரண்டு மந்தாசி பொதிந்து கொடுத்தார். காசைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அறைக்கு வந்துதான் பிரித்தேன். பொதிந்த புத்தகத் தாளில் பழைய எண்ணெய் விரல்தடம் ஒன்று, புதிய எண்ணெய்க்கு அடியில். அந்தச் சொல்லும் இருந்தது, பென்சில் கோட்டோடு.