ரிமினியில் ஆடி அமாவாசை

மார்ச் 14, சனி

கோடை விடுமுறைக்குக் குடும்பமாகப் பதினெட்டுப் பேர் இத்தாலி போகிறோம். ரிமினிக் கடற்கரை என்றேன். நாங்கள் அங்கே நிற்கிற கிழமையில்தான் ஆடி அமாவாசை வருகிறது, அப்பாவுக்குக் கடலிலேயே எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம் என்றேன்.

"அரைகுறை உடுப்போடை சனம் கிடக்கிற இடத்திலையோடா அப்பாவுக்குச் செய்யிறது?" அண்ணை கத்தினார்.

"இவ்வளவு காலமும் இங்கை வோபர்னிலை வீட்டுப் பாத்ரூம் தொட்டிக்கை நிண்டுதானே செய்தனீங்கள்!"

ஹோட்டல் தேடிக்கொண்டிருந்த லப்டொப்பாலேயே அண்ணை என் வாயில் அடித்தார். நான் அவர் கழுத்தைப் பிடித்து ஃப்ரிட்ஜோடு மோதினேன். மூத்தவர் மேல் கை வைத்தது இதுதான் முதல் தடவை. அண்ணிதான் இழுத்துப் பிரித்தார்.

உதட்டில் இன்னும் இரத்தம் கசிகிறது. சற்றுமுன் குடும்ப வாட்ஸ்அப்பில் அண்ணை எழுதியிருக்கிறார்: "ரிமினி சரி. எள்ளு நான் கொண்டு வாறன்."

அப்பாவும் அடித்துவிட்டு இப்படித்தான் சோற்றுக்குக் கூப்பிடுவார்.