நிமிராத தலை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
4 பிப்ரவரி 1979

சிரஞ்சீவி ஜானகிராமனுக்கு,

இன்றோடு எனக்கு அறுபத்தெட்டு வயது நிறைகிறது. வாழ்த்து அனுப்பாதே, இதில் என் சாதனை ஏதுமில்லை.

உன்னை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பலாமா என்று மருத்துவர் எழுதிக் கேட்டிருக்கிறார். உனக்குக் கேட்கும் குரல் உன்னுடையதே என்பதை நீ அறிந்திருக்கிறாயா என்பதில் அவருக்கு ஐயம். நான் கணிதம் படித்தவள். பிறர் மனத்தைப் பற்றி ஊகம் செய்வதில்லை. உன்னையே கேட்கிறேன்: தெரிகிறதா? எப்படித் தெரிகிறது?

உன் அறை ஜன்னல் கம்பிகளில் உப்பு பூத்திருக்கிறது. வேறு செய்தியில்லை.

ஆசியுடன்,
தையல்நாயகி


சென்னை
9 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்கா,

மாத்திரைகள் என்னைப் பஞ்சுக்குள் வைத்திருக்கின்றன. ஆனாலும் விடியலில் அந்தக் குரலுக்குரியவள் வருகிறாள். "கடல் தெருமுனைக்கு வந்துடுச்சு, வந்து பாரு" என்கிறாள். கண் திறக்காமலே பார்க்கிறேன். நம் தெருவில் தண்ணீர் ஓசையின்றி, ஒவ்வொரு வாசலிலும் சற்று நின்று, விருந்தாளி போல வருகிறது. அதே வேளையில் இது மெய்யல்ல என்று எனக்குள் ஒருவன் அறிந்திருக்கிறான். பார்ப்பவனும் நான், அறிபவனும் நான். இருவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்.

எப்படித் தெரியும் என்றாய். வீட்டில் யாரேனும் அழைப்பது கேட்டால் உன் தலையைப் பார்ப்பேன். நீ நிமிர்ந்தால் குரல் வெளியே, நிமிராவிட்டால் எனக்குள்ளே. இதைக் கேட்ட மருத்துவர், அக்கா உடனிருந்தால் போகலாம் என்றார்.

ஒரே ஐயம். காலைகளில் வாசலில், "ஐயா, சங்கரா மீனு எடுத்துக்கயேன்" என்று கரகரக்கும் மீன்காரி. அவளுக்கு நீ ஒருநாளும் நிமிர்ந்ததில்லை. ஆகவே கூடையோடு சேர்த்து அவளும் என் மனத்தின் வேலை என்று கொண்டேன். சரிதானே?

அன்புடன்,
ஜானகிராமன்


முதலியார்பேட்டை
13 பிப்ரவரி 1979

சிரஞ்சீவி ஜானகிராமனுக்கு,

சரியன்று. அவள் பெயர் அஞ்சலாட்சி. தேங்காய்த்திட்டிலிருந்து வருகிறாள். கூடையும் மெய், நாற்றமும் மெய். நேற்று நிறுத்தி விசாரித்தேன். "உன் தம்பி காத்தைப் பாக்கற மாதிரி என்னைப் பாக்குறாரும்மா. ஒருநாளு கூடையை அவரு காலாண்டயே வச்சேன், தாண்டிட்டுப் போறாரு. படிச்சவங்க வீடுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

நான் பெரிய மார்க்கெட்டில் வாங்குகிறவள். அதனால் நிமிரவில்லை.

தையல்நாயகி


சென்னை
17 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்கா,

வேண்டாம் என்று சொல்லவாவது ஒருவர் நிமிர்வார். அடுக்களையில் நான் கரண்டியைத் தவறவிட்டால் கூடத்திலிருந்தே திட்டுபவள் நீ. உன் காதில் குறையில்லை.

அவள் மெய்யென்றால் உன் தலை பொய் சொல்லியிருக்கிறது. இனி நான் எதைக் கொண்டு அறிவேன்? இன்று செவிலி சாப்பிட அழைத்தார். அவர் மெய்தானா என்று தெரியாததால் போகவில்லை. மருத்துவரிடம் எதுவும் சொல்லவில்லை. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஜானகிராமன்


முதலியார்பேட்டை
21 பிப்ரவரி 1979

அன்புள்ள ஜானகிராமா,

முதலில் போய்ச் சாப்பிடு. செவிலி மெய்.

உன்னை அழைத்துக்கொள்ளச் சம்மதம் தெரிவித்து மருத்துவருக்கு எழுதிவிட்டேன். கீழே உள்ளதையும் அவருக்கு எழுதியிருக்கிறேன். உன்னை என்னிடம் அனுப்புவதா என்பதை அவர் அதையும் அறிந்து தீர்மானிக்கட்டும்.

நீ வந்தபின் யார் அழைத்தாலும் இருவரும் எழுந்து போய்க் கதவைத் திறப்போம். ஆளிருந்தால் பேசுவோம், இல்லாவிட்டால் சாத்திவிட்டுத் திரும்புவோம். அஞ்சலாட்சியிடமும் சொல்லிவைத்தேன். "ரெண்டு பேரும் வந்து பாக்கற அளவுக்கு எங்கிட்ட என்னா மீனு இருக்குது?" என்று சிரித்தாள்.

என் தலை பொய் சொல்லவில்லை. கதவைத் தட்டுபவர்களுக்கு மட்டுமே அது நிமிரும். நம் வீட்டுக்கு வருபவர்கள் அனைவரும் தட்டப் பழகிவிட்டார்கள். அஞ்சலாட்சியின் இரு கைகளும் தலைக்கூடையில் இருப்பதால் அவளால் தட்ட முடிந்ததில்லை. அவ்வளவுதான் உன் கணக்கில் நேர்ந்த பிழை.

இந்த விதியை நான் ஏற்படுத்திக்கொண்டபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சென்னையில் என் கல்லூரி விடுதிக் கிணற்றடியிலிருந்து ஓர் ஆண்குரல், வெகு பணிவாக, "நாயகி, விளக்கை எடுத்துக்கினு வா" என்றது. எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றுக்குள் அந்திவானம் மட்டும் கிடந்தது. குரலுக்குக் கைகள் இல்லை, தட்டாது என்று அன்று கண்டுகொண்டேன்.

இந்த வரியை எழுதும்போதும் அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

உன் அக்கா