அறுபத்தொன்றாவது உண்ணி

அன்புள்ள உங்களுக்கு,

அத்தைக்கு என் வணக்கம். அவருக்கு முட்டிவலி மட்டுப்பட்டதா? நீங்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் நலம். இன்று காலை வரை காய்ச்சல் இல்லை.

காய்ச்சல் பேச்சு ஏன் என்று கேட்பீர்கள். போன வாரம், செத்துக் கிடந்த மானின் காதிலிருந்து சோதனைக்காக உண்ணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அறுபது எண்ணியிருந்தேன். என் கழுத்தில் ஏதோ நெருடியது. இடுக்கியால் பிடுங்கி, பழக்க தோஷத்தில் அதையும் அதே புட்டியில் போட்டுவிட்டேன். மூடிய பிறகுதான் உறைத்தது. அந்தக் கூட்டத்தில் என்னைக் கடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துச் சோதித்தார்கள். உண்ணிக் காய்ச்சல் கிருமி இருக்கிறதாம். எந்த உண்ணியில் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

“படிவத்துல எந்த மிருகம்னு எழுதட்டும் மேடம், மானா, நீங்களா?” என்றார் சோதனைக்கூட உதவியாளர்.

“ரெண்டையும் எழுதுங்க. வயசு மட்டும் மானோடதைப் போடுங்க.”

சிரித்தார். பிறகு, ராத்திரியில் காய்ச்சல் வந்தால் கூப்பிடச் சொல்லித் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடித்ததிலிருந்து பதினான்கு நாள் கெடு. இன்று எட்டாவது நாள். காய்ச்சல் வந்தால் உடனே மருந்து தொடங்க வேண்டும். அத்தையிடம் சொல்லாதீர்கள்.

எண்கள் பெரிதாகத் தெரியும் தெர்மாமீட்டர் ஒன்று அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும்தான். வீட்டில் நீங்கள்தானே வெளிச்சத்தில் சாய்த்துப் படித்துச் சொல்வீர்கள்.

வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். ஞாயிறு கூப்பிடுகிறேன். வெறும் சளி என்று சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள்,
நான்