வேகாத கண்ணாடி

உங்கள் வீட்டு ஜன்னலில் இருந்த ஊறுகாய் பாட்டிலைத்தான் இன்று முதலில் பார்த்தேன். நாம் கடற்கரையில் பொறுக்கிய கண்ணாடித் துண்டுகள் அதில் அப்படியே இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பச்சைத் துண்டு வெயிலில் மின்னியது. நீ அதை உள்ளே போட்டிருக்கவே மாட்டாய்.

மின்னுவதை நாம் எடுப்பதில்லையே. உடைந்த பாட்டில் துண்டு அலையிலும் மணலிலும் பல வருஷம் உருண்டு, கூர் போய், கற்கண்டு மாதிரி மங்கினால்தான் உனக்கு அது வெந்தது. ஓரம் கூராக இருந்தால், "ஏளா, இது வேகல. கடல்லயே கெடக்கட்டும்" என்று திருப்பி வீசுவாய். வீசியதும் மாதா கோயில் சிலுவையையும் ஐஸ் கம்பெனி தண்ணீர்த் தொட்டியையும் பார்த்து, விழுந்த இடத்துக்கு அடையாளம் வைப்பாய், வலை போட்ட இடத்துக்கு உன் அப்பா வைப்பதுபோல. "எப்ப வேகும்?" என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம பிள்ளைங்க வந்து பொறுக்கும்ளா" என்றாய்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று கருவாடு காயப்போடப் போனபிறகும், நீ பள்ளிக்கூடம் விட்டு நேராகக் களத்துக்கு வந்து நிற்பாய். "ஊமச்சி, கெளம்பு." யாரிடமும் வாய் திறக்காத எனக்கு நீ வைத்த பெயர் அது. வலை பின்னுகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். "முத்துக் குளிச்ச கடல்ல ஒடஞ்ச பாட்டில் பொறுக்குதாளுவ பாரு." நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "முத்து கெடச்சா ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்பாய். குனிந்து தேடும்போது நான் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஒரு நீலத் துண்டு கிடைத்துவிட்டால் மட்டும் கத்துவேன். என் சத்தம் அவ்வளவு பெரியது என்று எனக்கே அங்கேதான் தெரிந்தது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காய்ச்சல் விடாமல் நீ போய்விட்ட பிறகு, உன் தெருப்பக்கம் நான் வரவில்லை. என்னைப் பார்த்தால் உன் அம்மாவுக்கு, 'இவள் இருக்கிறாள், என் மகள் இல்லையே' என்று தோன்றுமோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடத் தூண் மறைவில்தான் நின்றேன். இன்று என் அம்மா நெத்திலிக் கருவாட்டைக் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்தேன். அந்தப் பச்சை என்னை நிறுத்திவிட்டது.

"ஏளா, கள்ளி மாதிரி வாசல்ல எதுக்கு நிக்க? உள்ள வா."

உன் அம்மாதான். அத்தையின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. நான் பாட்டிலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"நாந்தான் பொறுக்குதேன். சாயங்காலம் ஆனா வீட்டுல இருக்க முடியல. அவ போன எடத்துக்கே போயி, கெடைக்கத எடுத்துட்டு வாரேன். நேத்து அந்தப் பச்சை கையைக் கிழிச்சிட்டு."

மெதுவாகச் சொன்னேன். "அது வேகாதது அத்தை."

"வேகாததா? அடுப்புல வைக்கணுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தார். பிறகு அழுதார். என் கையை மட்டும் விடவே இல்லை. "ஒன்னப் பாத்தாத்தாம்ளா, அவ இப்பத்தான் வெளிய போயிருக்கா மாதிரி இருக்கு. இத்தன மாசமா எங்க போன?"

இந்த முகத்துக்கா இவ்வளவு நாள் பயந்தேன் என்று இருந்தது. மூச்சு தாராளமாக வந்தது.

பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனோம்.

"வீசுங்க அத்தை, நல்லா தூரமா!" என்று கத்தினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை வீசினார். நான் சிலுவையையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்து, விழுந்த இடத்துக்கு அடையாளம் வைத்தேன்.