ஒற்றைக் கால் ஊன்றி நின்ற ஞாயிறுகள்

என் பிரியமுள்ள தனம் அக்காவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ இருந்தபோதும் எழுதியதில்லை. வாரா வாரம் நேரிலேயே வருகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இதையும் நானாக எழுத உட்காரவில்லை. போன தை மாதம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் நடத்தினார்களே, அந்த வாலிபர் சங்கத்தார் இந்த வருஷமும் நடத்துகிறார்கள். மலர் ஒன்று போடுகிறார்களாம். "நீங்க டிப்ளமா படிச்சவரு, லோகோ ஷெட்டுல வேலை பாக்கறவரு. புதுசா ஓட்ட வர்ற பசங்களுக்கு எப்படித் தயார் ஆவறது, எப்படி வேகத்தைப் பிரிச்சு வெச்சு ஓட்டறதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்தேன். நாற்பத்தாறு மைல் பாதையில் சரிபாதியில் நீ நிற்கிறாய். உன்னைத் தாண்டி எழுத வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்களுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

ஆவணியில் பயிற்சி தொடங்கியபோது விக்கிரவாண்டி போய் வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. போக எட்டு மைல்தான். அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று மைல் மட்டும் கூட்டினேன். அந்த ஒன்றை மட்டும் அவசரப்படாமல் சரியாகச் செய்தேன். புரட்டாசி முடிவதற்குள் திண்டிவனம் வந்து உன் வாசலைத் தொட்டுவிட்டேன்.

வண்டியின் எடையைக் குறைக்க மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தேன். ஸ்டாண்டு இல்லாத வண்டியை நிறுத்துவது ஒரு வேலை. அதனால் நான் இறங்குவதே இல்லை. உன் வாசற்படியில் ஒரு கால், பெடலில் ஒரு கால். நீ மோர்ச் சொம்போடு வருவாய்.

"உள்ள வாடா. ரெண்டு நிமிஷம் குந்திட்டுப் போவியாம்."

"குந்துனா கால் புடிச்சிக்கும்கா. மணி இன்னா ஆவுது?"

"ரயில்ல வேலை பாக்கறவன் ரயில்ல வந்தா ஆவாதா? உனக்கு ஏண்டா இந்தப் பேஜாரு?"

உள்ளேயிருந்து உன் மாமியார் குரல் வரும். "உன் தம்பிய சைக்கிளோட வெச்சுத் தெச்சுட்டாங்களா தனம்? எறங்கவே மாட்டேங்கறாரு." நீ சிரிப்பாய். நான் சட்டைப் பையிலிருந்த தாளில் வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வண்டியைத் திருப்புவேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் வாசலில் நான் நின்றது ஒரு ஞாயிறுகூட மூன்று நிமிஷத்தைத் தாண்டவில்லை.

வாழப் போன வீட்டில் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி வாசலில் நின்று சொல்லமாட்டாள். பிறந்த வீட்டு ஆள் வந்தால் கை கால் கழுவச் சொல்லி, சோறு போட்டு, அப்புறம் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் ரெண்டு வார்த்தை காதில் போடுவாள். நம் பக்கத்தில் அதுதான் வழி. நம் அம்மா தன் அண்ணனிடம் அப்படித்தான் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குத் தெரியாத முறையா இது? சாப்பிட உட்காராத தம்பியிடம் நீ எந்த இடத்தில் வைத்துச் சொல்லியிருப்பாய்?

அம்மா ஒரு ஞாயிறு வேர்க்கடலைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்த மல்லாட்டைய தனத்துக்கு எடுத்துக்கினு போடா."

"கேரியரே இல்லம்மா."

"அப்ப அவ்ளோ தூரம் எதுக்குடா போற?"

"பிராக்டிசுக்கு."

ஆனாலும் திரும்பி வந்ததும் கேட்பாள், அக்கா எப்படியிருக்கிறாள் என்று. "பாத்துட்டுதான் வர்றேன். நல்லாதான் இருக்கா" என்பேன். தீபாவளிக்கு முன்னால் ரயிலேறி உன்னைப் பார்க்கப் புறப்பட்டவள், "நீதான் வாரா வாரம் பாக்கறியே" என்று பையை மறுபடி உள்ளே வைத்துவிட்டாள். நான் போய்க்கொண்டிருந்ததால் வேறு யாரும் போகவில்லை. இதை அப்போது ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

ஷெட்டுக்குள் ஓர் இஞ்சின் வரும்போதே எந்த பேரிங் தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். நீ சொம்பைக் கொடுத்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதை மூன்று மாதம் பார்த்தேன். அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாய் என்று நினைத்தேன். கார்த்திகையில் ஒருநாள் உன் கால் விரலில் மெட்டி இல்லை. "மெட்டி எங்கக்கா?" என்று கேட்டவன் நான்தான். "இறுக்குதுடா" என்றாய். அந்தப் பதில் காதில் விழும்போதே மிதிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பந்தயத்துக்கு வருகிறேன். சங்கத்தார் கேட்டது அதைத்தானே.

என் வண்டியில் ஒரு மிதிக்குப் பத்தொன்பது அடி போகும். நிமிஷத்துக்கு அறுபது மிதி என்று வைத்தால் மணிக்குப் பதின்மூன்று மைல். போகும்போது எதிர்க்காற்று, ஆகவே ஐம்பத்தைந்து மிதி, திரும்பும்போது அறுபது. கணக்கெல்லாம் சரி. ஆனால் பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பின்சக்கரத்தின் பதினெட்டுப் பல் சக்கரத்தை எடுத்துவிட்டுப் பதினாறு பல் போட்டேன், இன்னும் வேகம் வரும் என்று. பழகாத, மிதிக்கக் கனமான பல்லைக் கடைசி வாரத்தில் போடுவதைப் போன்ற மடத்தனம் கிடையாது. விசில் ஊதியதும் முப்பது பேரும் பாய்ந்தார்கள். ஐம்பத்தைந்து மிதியை முதல் மைல் கல்லிலேயே மறந்தேன்.

கெடாரிலிருந்து தினம் பால் கேன் கட்டிக்கொண்டு விழுப்புரம் வருகிறவர் ஒருவர் கேரியர், மட்கார்டு எல்லாவற்றோடும் பந்தயத்துக்கு வந்திருந்தார். என் வயதுதான். நான் அவரைத் தாண்டும்போது கேட்டார்: "இன்னா சார் இவ்ளோ ஜல்தி? திண்டிவனத்துல ரயிலைப் புடிக்கணுமா?"

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் என் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால்காரர் மணியடித்துக்கொண்டே போனார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். விக்கிரவாண்டி வரை எல்லோரையும் முன்னால் போகவிடுங்கள். கூட ஒருவரோடு பேசிக்கொண்டு மிதிக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். வழியில் ஒரு தடவை இறங்கினால் குடி முழுகாது.

திண்டிவனம் எல்லையில் சாலை நடுவே ஒரு டிரம் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்புகிறவர்களின் கையில் மை முத்திரை. எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் திரும்பிவிட்டிருந்தார்கள். எனக்கு வெட்கம், எரிச்சல். அங்கே நீ மகள் செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். சொம்போடு சாலையில் இறங்கி வந்தாய்.

"மணி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போடா."

"வழியில நிக்காதக்கா, தள்ளு."

உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான். உன் வீட்டிலிருந்து அந்த இடம் முக்கால் மைல். போன மாதம் நடந்து பார்த்தேன். அந்த வீங்கின காலோடு, அந்த மூச்சோடு, நீ எத்தனை இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாய்? செல்வியிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பதினொன்றாவதாக வந்தேன். பால்காரர் மூன்றாவது.

பந்தயம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினேன். அம்மா உன்னைப் பற்றிக் கேட்டபோது, "பந்தயத்தன்னிக்கு ரோட்டுக்கே வந்து நின்னா. உடம்பு நல்லாதான் இருக்குது" என்றேன். பங்குனியில் தந்தி வந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரயிலில் உன் வீட்டுக்கு வந்தேன்.

பதினாறாம் நாள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, உன் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார், உன் இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்று டாக்டர் கார்த்திகையிலேயே சொல்லிவிட்டாராம். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தாராம்.

"எண்ணெ மில்லுல மல்லாட்டை சீசன், நகர முடியல. அம்மா பொங்கல் கழியட்டும்னாங்க. தனம் ஒண்ணும் பேசல. தம்பி வருவான், அவன் உங்ககிட்ட பேசுவான்னு மட்டும் சொல்லிக்கினே இருந்தா. உங்கிட்ட சொல்லலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நீயும் வாரா வாரம் வந்து பாத்துக்கினு போற. படிச்ச புள்ள. நீயே ஒண்ணும் சொல்லலியே, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டேன் மணி."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். நம் அம்மாவிடம் நான் சொன்னதும் அதேதானே? திட்டுவதற்கு எனக்கு இடமே இல்லை.

இங்கே சேதி சொல்கிறேன். சாலையில் மைல் கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர்க் கல் நடுகிறார்கள். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, அல்லது என்னோடு பேசப் பிடிக்கவில்லை. எது என்று தெரியவில்லை. உன் மாமியார் என்னைப் பார்த்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். கேலி எல்லாம் போய்விட்டது.

ஐப்பசியிலிருந்து ஞாயிறுதோறும் ரயிலில் திண்டிவனம் போகிறேன். செல்வி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். முதல் மூன்று வாரம் அவள் என்னிடம் பேசவே இல்லை. நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். உட்காருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நாலாவது வாரம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கிணற்றடியில் மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, டீச்சர் போர்டுல எழுதறது எனக்குத் தெரியல."

"எப்பத்துலருந்து?"

"அம்மா இருக்கறப்பலருந்தே."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மாமா வரட்டும், அவருகிட்ட சொல்லலாம்னாங்க."

அக்கா, நான் இறங்கி உள்ளே வந்திருந்தால் நீ முதலில் எதைச் சொல்லியிருப்பாய்? உன் மூச்சைப் பற்றியா, இவள் கண்ணைப் பற்றியா?

அங்கேயே உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "சீசன் முடியட்டும் மணி, கூட்டிக்கினு போறேன்" என்றார். "இல்ல மாமா. நாளைக்கு. நானே லீவு போடறேன்" என்றேன். "நீ சொன்னா சரி" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் புதுச்சேரியில் செல்வியின் கண்ணைச் சோதித்தார்கள். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். அது மூக்கில் நிற்காமல் சரிகிறது, ஒரு விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே பேசுகிறாள். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. சுற்றி வளைத்து, ஒன்றையே நாலு தடவை சொல்கிறாள். எனக்குள் அந்தப் பழைய அவசரம் எழத்தான் செய்கிறது. இந்த ஒரு வாக்குத்தான் உனக்குத் தர என்னிடம் இருக்கிறது. அவள் சொல்லி முடிக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். இந்த வருஷம் மட்டுமில்லை, அவள் ஒரு வீட்டுக்கு வாழப் போன பிறகும்.

செல்விக்குத் தாய்மாமன்,
உனக்குப் பின் பிறந்தவன்,
மணி