கம்ப்யூட்டர் மாற்ற ஒரு நல்ல நாள்

ஜூலை 17, வியாழன். ஆடி 1.

காலையிலிருந்து காற்று. ரோட்டில் போகிற சிமென்ட் லாரிப் புழுதி முழுக்க என் ஜெராக்ஸ், ஜாதகக் கடைக்குள்தான். மானிட்டரை மூன்று தடவை துடைத்தாயிற்று.

திரையின் மூலையில் அதே அறிவிப்பு. கம்ப்யூட்டரை இப்போது ஓட்டுகிற 'பத்து' பழசாகிவிட்டதாம், அக்டோபர் பாதியோடு அதற்குப் பாதுகாப்பு கிடையாதாம், 'பதினொன்று'க்கு மாறச் சொல்கிறது. இப்போதா, பிறகா? பிறகு. மார்ச்சிலிருந்து பிறகுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்றார். ஆடியில்தான் கடையில் ஆள் இல்லை. ஆவணி பிறந்துவிட்டால் பொருத்தம் பார்க்க வாசல் வரை நிற்பார்கள், அப்போது மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார முடியுமா? நல்ல மாதத்தில் நேரம் இல்லை, நேரம் இருக்கிற மாதம் நல்லதில்லை. இதற்கு என்ன பதில் என்று கேட்டேன். இன்னொரு தோசை கேட்டார். கண்டக்டர் வேலை பார்க்கிறவருக்கு எந்தக் கேள்விக்கும் முன்னால் நகரச் சொல்லித்தான் பழக்கம்.

செய்ய வேண்டியவை: மை வாங்க. மின்விசிறி சத்தம். சித்தி பெண்ணுக்குப் போன். பெரம்பலூர் இஸ்மாயிலிடம் கேட்க.


ஜூலை 21, திங்கள்.

வெயில். காலையில் லேமினேஷன் இரண்டு. ஜாதகம் ஒன்றுகூட இல்லை.

இஸ்மாயில் போனில். எங்கள் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வைத்தியர் அவர்தான். என் ஜாதக ப்ரோகிராம் பதினாறு வருடப் பழசு, பதினொன்றில் ஓடவே ஓடாது என்கிறார். மிஷினும் புதுசு, ப்ரோகிராமும் புதுசு வாங்க வேண்டுமாம். பயப்பட வேண்டாம், பழைய ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்து வந்தால் தன் கடையிலேயே போட்டுக் காட்டுகிறாராம்.

பயம் என்று யார் சொன்னது. எனக்கு என் மிஷின் பழக்கம், அவ்வளவுதான். பலகையில் 'கணினி ஜாதகம், திருமணப் பொருத்தம்' என்று இருந்தாலும் நான் ஜோசியம் சொல்கிறவள் இல்லை. பிறந்த நாள், நேரம், ஊர், மூன்றையும் தட்டினால் அது கட்டம் போடும். நான் பிரின்ட் எடுத்துக் கொடுப்பேன். மிச்சம் ஜோசியர் பாடு.


ஜூலை 25, வெள்ளி. பெரம்பலூர்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர் பெண்டாட்டிக்கு உட்கார இடம் கிடைக்கும் என்பதெல்லாம் கதை. சின்ன வெங்காயம் இரண்டு கிலோ வாங்கினேன், நன்றாகக் காய்ந்தது.

இஸ்மாயில் கடையில் புது ப்ரோகிராம். முதலில் என் ஜாதகத்தையே போட்டேன். பிறந்த ஊர் கேட்டது. கீழப்பழுவூர் என்று பாதி தட்டும்போதே ஊர் வந்து நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

இங்கே எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் பழைய ப்ரோகிராமின் ஊர்ப் பட்டியலில் கீழப்பழுவூர் கிடையாது. அரியலூரும் கிடையாது, பெரம்பலூரும் கிடையாது. பட்டியலில் பக்கமாக இருந்த ஊர் திருச்சி. அதனால் எல்லோருக்கும் திருச்சி. ஆண்டிமடமா, திருச்சி. மீன்சுருட்டியா, திருச்சி. பதினாறு வருடமாக.

இஸ்மாயிலிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: "அக்கா, ரெண்டு ஜில்லாவுக்கும் பிரசவத்த நீங்க திருச்சியிலயே பாத்து முடிச்சிட்டீங்க."

அதனால் என்ன வந்துவிடப்போகிறது, ஊருக்கு ஊர் இரண்டு மூன்று நிமிட வித்தியாசம்தான் என்றேன். போட்டுப் பார்த்தோம். என்னுடையது மாறவில்லை. வீட்டுக்காரருடையதும் மாறவில்லை. எங்கள் பொருத்தமும் பத்துக்கு அதே ஆறுதான். கொஞ்சம் ஏமாற்றம், பொய் சொல்வானேன்.

பதினேழு ஃபைல் போட்டோம், எல்லாம் பழையபடி. நான் ஜெயித்துவிட்ட மாதிரி டீ சொன்னேன். டீ வந்தது. பதினெட்டாவது ஃபைல், ஆண்டிமடம் தமிழரசி.

கட்டம் மாறிவிட்டது. பிறந்த நிமிடத்தில் கிழக்கே எந்த ராசி எழுகிறதோ அதுதான் லக்னம். இந்தப் பெண் ஒரு ராசி முடிந்து அடுத்தது தொடங்கும் நிமிடத்தில் பார்த்துப் பிறந்திருக்கிறாள். ஆண்டிமடம் என்று போட்டால் லக்னம் ஒரு கட்டம் தள்ளிப் போகிறது. பன்னிரண்டில் இருந்த செவ்வாய் பதினொன்றில். செவ்வாய் தோஷம் இல்லை.

டீ ஆறிவிட்டது. வெங்காயத்தை இஸ்மாயில் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.


ஜூலை 26, சனி.

கடையைத் திறந்தேன், அவ்வளவுதான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்கு ஒரே பக்கத்தை நான்கு தடவை எடுத்துக் கொடுத்தேன்.

தமிழரசியின் அப்பா முருகேசன், முந்திரித் தோப்புக்காரர். நான்கு வருடமாக வருகிறார். வரும்போதெல்லாம் ஒரு மஞ்சள் பை, அதற்குள் இரண்டு மூன்று பையன்களின் ஜாதகம். நான் பார்த்துவிட்டு, பொண்ணுக்கு செவ்வாய் இருக்குங்களே என்பேன். ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார். ஒரு தடவை, நல்லாப் பாருங்கம்மா என்று கேட்டார். எனக்குக் கோபம். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதுங்க என்றேன். அப்படியே சொன்னேன், இப்போதும் காதில் கேட்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

என்ன செய்யலாம்:
1. பத்திலேயே இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது.
2. மாறலாம், அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொல்லலாம்.
3. கடையை வெறும் ஜெராக்ஸ் கடையாக்கலாம்.
4. சித்தி பெண்ணுக்குப் போன் (இன்னும் செய்யவில்லை).


ஜூலை 28, திங்கள்.

தூறல், அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்தினார், இருபத்திரண்டு வருடத்தில் அபூர்வம்.

"ஒருத்திகிட்ட சொன்னா ஜில்லாவே கட்டத்தத் தூக்கிட்டு வந்து நிக்கும். பேசாம இரு."

அது சரிதான் என்று தோன்றியது. அது சரி என்று தோன்றியதே எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு வருடம் அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நான் ஒரு பட்டியலில் இல்லாத ஊருக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது இரண்டு டம்ளரைப் போட்டுடைத்தேன். ஒன்று கை தவறி, இன்னொன்று அப்படி இல்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18.

காலையிலேயே அவர் தானாக வந்து சொல்கிறார்: இன்றைக்கு ஆடிப்பெருக்கு, எது தொடங்கினாலும் பெருகும், வேண்டுமானால் இன்றைக்குக் கம்ப்யூட்டரை மாற்றிக்கொள். என் பிரச்சினை தேதி இல்லை என்பது இந்த மனிதருக்கு ஏன் விளங்கவில்லை. இருந்தாலும் இஸ்மாயிலுக்குப் போன் போட்டேன். கடை பூட்டியிருக்கிறதாம், குடும்பத்தோடு கொள்ளிடக் கரையில் இருக்கிறாராம். "தண்ணி நல்லா போவுதுக்கா, நீங்களும் வந்துருக்கலாம்." வெங்காயம் பத்திரமாக இருக்கிறதாம், இன்ஷா அல்லாஹ் நாளைக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவாராம்.

சர்க்கரைப் பொங்கல், புளியோதரை. புளி அதிகம்.

முடிவு: முதலில் அந்தப் பெண்ணிடம் சொல்வது. பிறகு மாறுவது. இந்த வாரமே.


ஆகஸ்ட் 6, புதன். ஜெயங்கொண்டம்.

தமிழரசி இங்கே ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க, சொல்ல வேண்டியதைப் பேசிப் பழகிக்கொண்டே வந்தேன், பக்கத்து சீட்டுக்காரம்மா தள்ளி உட்கார்ந்தாள்.

என்னைப் பார்த்ததும் சுகர் பார்க்க வந்தேன் என்று நினைத்து உட்காரச் சொல்லிவிட்டாள். கையை நீட்டியபடியே சொன்னேன். திருச்சி, ஆண்டிமடம், நிமிஷக் கணக்கு, உனக்கு செவ்வாயே இல்லையம்மா, என் தப்பு. மன்னித்துக்கொள் என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், இல்லை திட்டுவாள் என்று. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

இல்லை என்றேன்.

"சொல்லிடாதீங்க."

பிறகுதான் விஷயம். இதே லேபில் ரிப்போர்ட் அடிக்கிறவன் மீன்சுருட்டிப் பையன். இரண்டு வருடமாக இருவருக்கும் பிடித்திருக்கிறது. அவனுக்கு ஏழில் செவ்வாய். செவ்வாய் இருக்கிற பையனுக்குச் செவ்வாய் இருக்கிற பெண்தானே வேண்டும். அவன் ஜாதகத்தைத் தரகர் கையில் சேர்த்ததே இவள்தான். தரகர் ஏதோ மலையைப் புரட்டிக் கண்டுபிடித்த மாதிரி அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆவணி பிறந்ததும் என்னிடம்தான் பொருத்தம் பார்க்க வருகிறாராம். ஐப்பசியில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு.

"மொத ரெண்டு பேரு வேணாம்னு போனப்ப அழுதேங்க்கா. அப்புறம் பழகிடுச்சு. அதுக்கப்புறம் வந்தவனுங்களையெல்லாம் அந்த செவ்வாய்தான் வெரட்டுச்சு. ஐப்பசி வரைக்கும் அது பன்னெண்டுலயே இருக்கட்டும்."

முதல் இரண்டு பேர் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

வந்ததற்கு ஒரு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். சுகரும் பார்த்துவிட்டாள். கொஞ்சம் அதிகம்.


ஆகஸ்ட் 8, வெள்ளி.

இஸ்மாயில் போன். புது மிஷின் வந்துவிட்டது, எப்போது வருகிறீர்கள்? ஐப்பசி முதல் முகூர்த்தம் கழித்து என்றேன். அக்டோபர் பாதியோடு பாதுகாப்பு முடிகிறதே, வைரஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன் என்றேன். காலையிலேயே பிடுங்கிவிட்டேன்.

கம்ப்யூட்டருக்கெல்லாம் முகூர்த்தம் பார்க்கிறது நீங்கள் ஒருத்திதான் என்று சிரித்தார். சிரிக்கட்டும். கல்யாணம் முடிந்ததும் மாறிவிடுவேன், அன்றிலிருந்து அவரவருக்கு அவரவர் ஊர். பழைய ஃபைல்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மாறியிருக்கிறவர்கள் வீட்டுக்கு நானே போய்ச் சொல்வேன். எழுதி வைத்தாயிற்று, இனி பின்வாங்க முடியாது.


ஆகஸ்ட் 18, திங்கள். ஆவணி 2.

நல்ல வெயில். கடை திறக்கும் முன்பே முருகேசன் வாசலில். புதுச் சட்டை. பை இல்லை, கையில் ஒரே ஒரு ஜாதகம்.

பையன் பெயர், நாள், நேரம். பிறந்த ஊர், திருச்சி. மிஷின் வழக்கம்போல முனகிக்கொண்டு யோசித்தது. அவர் நாற்காலி நுனியில். பத்துக்கு எட்டு. செவ்வாய்க்குச் செவ்வாய் சரி.

இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார், "கம்ப்யூட்டர் மாத்தி ஏதும் சொல்லாதுல்லங்கம்மா?"

"பதினாறு வருஷமா ஒரே மாதிரிதாங்க சொல்லுது."

பொய் இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பிரின்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுதுவிட்டார். துண்டால் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முதல் ஆளாக வர வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன்.

போகும்போது மேஜைக்கு அடியில் குனிந்து மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இத மட்டும் மாத்திடாதீங்கம்மா. ராசியான பொட்டி. சின்னவளுக்கும் இதுலதான் பாக்கணும்."

சின்னவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.